அளவு ஜாக்கெட்

பொன்மணிக்கு ஊரில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவள் இன்னும் அளந்து பார்க்கவில்லை. ரத வீதியை ஒட்டிய சந்தில், எட்டுக்குப் பத்து கடையில், இருபத்து மூன்று வருஷமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே உண்மை, பெண்கள் வாய் சொல்வது ஒன்று, உடம்பு சொல்வது இன்னொன்று என்பதுதான். "நான் அப்படியேதான் மதினி இருக்கேன், பழைய அளவே போடுங்க" என்று சொல்பவள்தான் இரண்டு இஞ்சு கூடியிருப்பாள். "சும்மா வீட்டுல கட்டத்தான்" என்று துணியைப் போடுகிறவள்தான் நாலு தடவை பிரித்துத் தைக்கச் சொல்லுவாள்.

ஊரை வாய்க்கு வந்தபடி பேசுவாள். கவுன்சிலர், கரண்டு ஆபீஸ், எதிர்வீட்டுக்காரி, விசைத்தறிக்குப் போய்ப் போய்க் காது மந்தமாகிப்போன சொந்தப் புருஷன் மாரிக்கண்ணன், ஒருவரும் தப்ப முடியாது. ஆனால் அளவு பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு முதுகில் தழும்பு, யார் கல்யாணமாகி ஐந்தாம் மாதமே எட்டு மாத வயிற்றோடு தைக்க வந்தாள், எல்லாம் அந்தக் கடைக்குள்ளேயே கிடந்துவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் வாயையும் பொறுத்துக்கொண்டு ஊர் அவளிடம் வந்தது.

இந்தப் பக்கத்தில் டேப் வைத்து அளவு எடுப்பது குறைவு. உடம்பில் நன்றாக உட்காரும் பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வருவார்கள். அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைத் துணியின் மேல் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்டி, தைத்து முடித்ததும் புதுசோடு சேர்ந்து பழசும் வீட்டுக்குப் போய்விடும். கடையில் மிஞ்சுவது வெட்டுத்துணிதான்.

பொன்மணிக்கு அந்த மஞ்சள் பைகளைக் கண்டாலே எரிச்சல். அலமாரி முழுக்கப் பை. வியர்வையும் மஞ்சளும் கலந்த வாடை. எடுக்க மறந்த ஊக்கு கையில் குத்தும். ஒருத்தி பையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு போவாள். "துணிக்கடை வச்சிருக்கேனா, அழுக்குத்துணிக் கடை வச்சிருக்கேனா?" என்று தினமும் ஒருமுறையாவது கத்துவாள்.

இந்த எரிச்சலைத்தான் பிரவின்ராஜ் மோப்பம் பிடித்தான்.

பங்குனியில் ஒருநாள் வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை, எவளைக் கண்டாலும் அக்கா. 'டெய்லர் தோழி' என்ற கம்பெனியாம். ஒரு பலகை அளவு கம்ப்யூட்டரை மேஜையில் வைத்தான். "இந்த டேப்லெட் உங்களுக்கு ஃப்ரீக்கா. வாடிக்கையாளர் அளவெல்லாம் இதுல ஏத்திருங்க. பையே வேண்டாம். பேரத் தட்டினா அளவு வந்து நிக்கும்" என்றான். பார்த்த உடனே பொன்மணிக்கு அவனைப் பிடிக்கவில்லை. அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறவனை அவள் நம்பியதே கிடையாது. இருந்தும் விழுந்தாள். "கடைக்கு டிஜிட்டல் தையலகம்னு போர்டும் நாங்களே வச்சுத் தருவோம்" என்று சொன்னான் பாருங்கள், அங்கே விழுந்தாள். ஊரையே மட்டம் தட்டுகிறவளுக்கு ஒரு போர்டு போதுமாயிருந்தது.

ஒரு மாதம் மத்தியான வேளையெல்லாம் உட்கார்ந்து முந்நூற்று நாற்பது பெண்களை அதில் ஏற்றினாள். பெயருக்குக் கீழே போன் நம்பர் கேட்டது. நம்பர் இல்லாவிட்டால் அடுத்த பக்கம் நகராது. நம் ஊர்ப் பெண்களிடம் நம்பர் கேட்டால் என்ன வரும்? "எங்க வீட்டுக்காரரு நம்பரப் போட்டுக்கோங்க." "மாமா நம்பர் இருக்கு." "தம்பி நம்பர்தான் எனக்கு மனப்பாடம்." அப்படியே போட்டாள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். எல்லாக் கட்டமும் நிரப்பினால் கடைக்கு ஐந்து நட்சத்திரம் என்று பிரவின்ராஜ் சொல்லியிருந்தான். இருபத்து மூன்று வருஷம் தலைக்குள் வைத்திருந்ததையெல்லாம் நட்சத்திரத்துக்காக அந்தக் கட்டத்தில் கொட்டினாள்.

மாடி வீட்டு சுகிர்தா ஒருத்திதான் மாட்டேன் என்றாள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். "என் அளவ ஏத்தாதீங்கக்கா. ஜாக்கெட்டே தாரேன். அது யாரு கையில போகுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"ஆமா, ஒன் இடுப்பளவ வச்சு அவன் அணை கட்டப் போறான்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள் பொன்மணி.

ஊர்க் கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா அன்று காலை எட்டு மணி இருக்கும். ஊர் ஏற்கெனவே கொள்ளவில்லை. கோவிலைப் பார்த்து ஜனம் நெரித்துக்கொண்டு போகிறது. காற்று புழுதியை வாரி சந்துக்குள் எறிகிறது. பொன்மணி அப்போதுதான் கடைக் கதவைத் தூக்கினாள். சண்முகையா வந்து நின்றார். கூட்டுறவு பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். போனை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

"பொன்மணி, இது என்னதும்மா?"

வாங்கிப் பார்த்தாள். 'ஆடித் தபசு நல்வாழ்த்துகள்! உங்கள் தையல்காரர் பொன்மணி உங்கள் அளவுகளைப் பத்திரமாகச் சேமித்து வைத்துள்ளார்.' அதன் கீழே சாமி படம். சாமி படத்துக்குக் கீழே சண்முகையாவின் மருமகள் பெயர், மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு. அதற்கும் கீழே, 'குறிப்பு: பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், முன்பக்கம் லூஸ் வேண்டும்.'

"எம் மருமக அளவு எனக்கு எதுக்கும்மா? நான் தைக்கப் போறேனா?" என்றார் சண்முகையா. கோபம்கூட இல்லை. "காலையில காப்பி கொண்டாந்து வச்சா. ஏறெடுத்துப் பாக்க முடியல. அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சுபோச்சு. எம் மகன்ட்ட காட்டினேன். அவன் என்னையப் பாக்க மாட்டேங்கான்."

பொன்மணி போனைக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் போவதற்குள் நாலு பேர். கடையநல்லூரிலிருந்து தைக்கக் கொடுக்கும் ஹஸ்னா பானு போனிலேயே அழுதாள். "துபாய்லருந்து அவுக கேக்காவக்கா, யாரு உன்னய இப்படி அளந்து எழுதினான்னு. பொம்பளதான்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ." பொன்மணி மன்னிப்புக் கேட்டுப் பழகாதவள். "கம்பெனிக்காரன் மூதி பண்ண வேலைம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்த கையோடு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. பேச்சித்தாய்.

பேச்சித்தாய்க்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புருஷனுக்குத் தெரியும், பொன்மணிக்குத் தெரியும். பெற்ற மகள் இசக்கிசெல்விக்குக்கூட வயிற்றில் ஏதோ கட்டி என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடையில் ஆள் இல்லாத மத்தியானமாகப் பார்த்து வருவாள். ஜாக்கெட்டின் உள்ளே இடது பக்கம் மல் துணியில் ஒரு பை வைத்து, இலவம்பஞ்சு அடைத்து, வலது பக்கத்துக்குச் சமமாகப் பொன்மணி தைத்துக் கொடுப்பாள். அந்தப் பஞ்சுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பாவே தனியாக இருந்தது.

இப்போது ஆவணியில் இசக்கிசெல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மேலநீலிதநல்லூர். பெண்ணின் அம்மாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் சம்பந்திச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள், தையலும் அவர்கள் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா முத்துத்தாய் தன் துணியையும் சம்பந்தி துணியையும் ஒன்றாகக் கொண்டுவந்து போட்டு, "ரெண்டுக்கும் எம் நம்பரையே போடும்மா, நானே வந்து வாங்கிக்கிடுதேன்" என்றாள். பொன்மணியும் போட்டாள். பேச்சித்தாய் பெயர், முத்துத்தாய் நம்பர். குறிப்பில், 'இடது பக்கம் ஆபரேஷன். பஞ்சு வைக்கணும். யாருக்கும் தெரியக் கூடாது.'

யாருக்கும் தெரியக் கூடாது என்பதையும் எழுதி வைத்த தன் புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்பார்கள். தேதி குறித்த கல்யாணம் நின்றுபோகும்.

பிரவின்ராஜுக்குப் போன் போட்டாள். ஏழாவது தடவை எடுத்தான்.

"ஹேப்பி தபசுக்கா! கார்டு பாத்தியளா? எப்படி?"

"ஏலே, பொம்பளைய அளவ ஆம்பளைய போனுக்கு அனுப்பிட்டு எப்படின்னா கேக்க?"

"நம்பர் நீங்க போட்டதுதானக்கா. சிஸ்டம் அதுக்குத்தான் அனுப்பும். நேத்து ராத்திரி மொத நூறு பேரு. இன்னைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு அடுத்த நூறு. மொத்தமா விட்டா சர்வர் தாங்காதுல்லா."

பேச்சித்தாய் நூற்று அறுபத்து மூன்றாவது ஆள்.

"நிறுத்துலே."

"அது பெங்களூர்ல ஓடுதுக்கா. இன்னைக்கு லீவு."

"அப்ப எல்லாத்தையும் அழிச்சிருதேன்."

"அழிக்கலாம்க்கா. உங்க ஸ்க்ரீன்லதான் போகும். கம்பெனிகிட்ட தொண்ணூறு நாள் இருக்கும், கார்டும் போகும். டேட்டா கம்பெனியோடதுக்கா, உங்களுக்கு உபயோகிக்கத் தந்திருக்கோம். ஆரம்பத்துல 'சம்மதம்'னு அமுக்குனியள்லா?"

"நான் அமுக்கினேன். அவளுவ யாராவது அமுக்குனாளுவளா?"

பதில் வருவதற்குள் லைன் செத்துவிட்டது. தபசுக்கு வரும் கூட்டத்தில் வருஷா வருஷம் பத்து மணிக்கெல்லாம் டவர் படுத்துவிடும். டேப்லெட்டில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கைப்பட ஏற்றிய பெயர்களில் ஒன்றைக்கூடக் காட்ட மாட்டேன் என்றது. வெளியே நாதஸ்வரம்.

பொன்மணி மாடிப்படி ஏறினாள். சுகிர்தா இட்லிக்கு மாவு எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் பெயரைச் சொல்லாமல், ஒருத்திக்கு மானம் போகிற விஷயம் என்று மட்டும் சொல்லி நடந்ததை ஒப்பித்தாள். 'நான் அன்னைக்கே சொன்னேன்லா' என்று அவள் ஆரம்பித்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு இறங்கிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தாள். சுகிர்தா சொல்லவில்லை. கையைக் கழுவினாள்.

"நம்பர மாத்தலாமான்னா, பழைய நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பிக் கேக்கும். அது ஆவாது."

"அளவத் திருத்தினா?"

சுகிர்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "திருத்தலாம்க்கா. பழசு அவன்கிட்ட எங்கனயாவது கிடக்கத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கார்டுல புதுசுதான் போகும். அதுக்கு நெட்டு வேணும்லா. ஊருக்குள்ள ஏது?"

"வண்டிய எடு" என்றாள் பொன்மணி.

ஊரே கோவிலைப் பார்த்து வர, இவர்கள் இரண்டு பேரும் எதிரே போனார்கள். வேன், பஸ், டிராக்டர், இடுப்பில் பிள்ளை, தலையில் மொட்டை. "சாமி அங்கிட்டு இருக்கும்மா" என்று ஒருவன் கிண்டல் வேறு. மேலநீலிதநல்லூர் ரோட்டில் நாலு கிலோமீட்டர் தாண்டியபிறகுதான் டேப்லெட்டில் சிக்னல் இரண்டு கோடு ஏறியது. உழுதுபோட்ட மானாவாரிக் காடு, மழைக்குக் காத்துக்கிடந்தது. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். காற்று சேலையைப் பிடுங்கியது.

முதலில் நூற்று அறுபத்து மூன்று. பொன்மணியே தட்டினாள். மார்பு முப்பத்தாறு. இடுப்பு முப்பது. கை பத்து. குறிப்புக் கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். சேமி என்பதை அமுக்கினாள். சுகிர்தா திரையைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பொன்மணி கவனித்தாள்.

"முடிஞ்சுதுல்லா? போவமாக்கா?"

"மீதி எரநூத்து முப்பத்தொம்பது பேரு?"

"அவங்களுக்கும் பெரிய விஷயம் ஏதும் இருக்கா?"

"எந்த விஷயம் பெருசுன்னு நீயும் நானுமா சொல்லுதது?"

உட்கார்ந்து திருத்தினாள். இருபத்து மூன்று வருஷத்தில் கால் இஞ்சு தப்பாக எழுதாத கை. எல்லாருக்கும் முப்பத்தாறு, முப்பது, பத்து. வற்றல் போல இருப்பவளுக்கும் அதே, வண்டிமாடு போல இருப்பவளுக்கும் அதே. முதல் பத்துப் பேருக்குக் கை கூசியது. பிறகு ஒரு வன்மம் வந்துவிட்டது. "இந்தா தின்னு, இந்தா தின்னு" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். மத்தியானம் சுகிர்தா, கிளம்பும்போது அம்மா கொடுத்தனுப்பிய தூக்குவாளியைத் திறந்தாள். எலுமிச்சம் சோறு, தேங்காய்த் துவையல். புழுதி விழுந்து கறகறவென்றிருந்தது, சாப்பிட்டார்கள். நாலே முக்காலுக்குக் கடைசி ஆளும் முப்பத்தாறாகிவிட்டாள்.

அதன்பிறகுதான் சுகிர்தா தன் போனை எடுத்தாள். "ஒண்ணு காட்டட்டுமாக்கா? திட்டக் கூடாது."

அவள் அம்மாவின் சுகர் அளவை எழுதி வைக்க அவளே செய்த ஒரு பக்கம். அதில் தையல் அளவுக்கும் கட்டம் போடலாமாம். எழுதுவது போனுக்குள்ளேயே கிடக்குமாம். சிக்னலே இல்லாவிட்டாலும் திறக்குமாம். வாடிக்கையாளர் தன் அளவைத் தன் போனில் வைத்துக்கொள்ளலாம், தைக்க வரும்போது காட்டலாம், வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

"நாளைக்கு நீயும் கார்டு அனுப்புவ."

"அனுப்ப எங்கிட்ட என்னக்கா இருக்கு? நீங்க என்ன எழுதுதீங்கன்னு எனக்கே தெரியாது. என் பக்கம் ஒண்ணுமே வராது."

பொன்மணி போனை வாங்கி, நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தாள். திறந்தது. வட்டம் சுற்றவில்லை.

"போன் தொலைஞ்சா?"

"அதுவும் தொலைஞ்சுதான். அவங்ககிட்ட இன்னொரு காப்பி இருந்தா உண்டு."

"கொண்டு வந்து காட்டுவா, திரும்பக் கொண்டு போயிருவா. என்கிட்ட ஒண்ணும் தங்காது." பொன்மணி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுக்கா இவ்வளவு படிச்ச? இது மஞ்சப் பையில்லா?"

"ஆமாக்கா" என்று சிரித்தாள் சுகிர்தா. "மஞ்சப் பைதான்."

மறுநாள் பொன்மணி மாரிக்கண்ணனை ஏணியில் ஏற்றி டிஜிட்டல் போர்டைக் கழற்றச் சொன்னாள். டேப்லெட்டை வாங்கிப்போக வந்த பிரவின்ராஜ், "இப்படி தப்பு தப்பா ஏத்தினா ஸ்டாரு போயிருமேக்கா" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் ஓர் அயோக்கியனாகவாவது இருந்திருக்கலாம். வெறும் மண்டு.

"போலே, போ. ஒன் தங்கச்சி அளவ இப்படி எங்கனயாவது ஏத்திட்டு வா, அப்புறம் ஸ்டாரப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பிவைத்தாள்.

சம்பந்தி ஜாக்கெட்டுகளை அவள் இன்னும் வெட்டவில்லை. நாலாம் நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், பேச்சித்தாய் வந்தாள். கையில் மஞ்சள் பை. வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்காராமல் நின்றாள்.

"சம்பந்தியம்மா போன் பண்ணுனா. என் அளவு அவ போனுக்கு வந்திருக்காம்."

பொன்மணி மிஷினை நிறுத்தினாள்.

"எனக்கும் முப்பத்தாறு, அவளுக்கும் முப்பத்தாறாம். அவ என்னையவிட ரெண்டு ஆளு தண்டி. பத்து வயசு கொறஞ்சுபோச்சுன்னு சிரிச்சு மாள மாட்டேங்கா." பேச்சித்தாய் சிரிக்கவில்லை. "பொய்ய எழுதுனது யாரு?"

"நான்தான்."

"அதுக்கு முந்தி என்ன எழுதியிருந்த?"

பொன்மணிக்குப் பொய் சொல்ல வழி இருந்தது. இருநூற்று நாற்பது சொன்னவளுக்கு இன்னும் ஒன்று பெரிதா? ஆனால் வரவில்லை. சொன்னாள், யாருக்கும் தெரியக் கூடாது என்று எழுதியது உட்பட.

பேச்சித்தாய் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். சந்தில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"மதுரையில பெரிய டாக்டரு. அவரும்தான் எழுதுனாரு. எழுதி, ஃபைல எங்கையில கொடுத்து, இது ஒங்களோடதும்மா, பத்திரமா வச்சுக்கோங்கன்னாரு. அரிசிப் பானைக்குப் பொறத்தால வச்சிருக்கேன். அவருக்கு இருந்த புத்தி ஒனக்கு இல்லியே." குரல் உயரவே இல்லை. "ஒங்கிட்ட நான் காட்டுனேன் மதினி. எழுதச் சொல்லலியே."

பொன்மணி இந்த ஊரில் எத்தனையோ பேரை ஒரு பார்வையில் சுருங்க வைத்திருக்கிறாள். அப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். "தப்புதான்" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து மாரிக்கண்ணன்கூடக் கேட்டதில்லை.

பேச்சித்தாய் பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இப்பவே தை. நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்."

பொன்மணி கதவைப் பாதி இறக்கிவிட்டு வெட்டினாள். மூன்று மணி நேரம். பேச்சித்தாய் முக்காலியில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கடைசிக் கொக்கி வைத்து நூலைக் கடித்ததும், புதுசை வாங்கி உட்பக்கம் திருப்பி இடது பையை விரலால் அமுக்கிப் பார்த்தாள். மடித்தாள். பழசை மடித்தாள். குனிந்து, தரையில் கிடந்த பட்டு வெட்டுத்துணியை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"அந்தப் பஞ்சு டப்பாவ எடு."

பொன்மணி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பேச்சித்தாய் மூடியை அழுத்திப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ வரும்போது நானே கொண்டாருதேன்" என்றாள்.